ஆருடைய ஆயுட்காலம்?

மாமா பி.எம்.டபிள்யூ வாங்கப்போறார் எண்டு சொன்ன அண்டைக்கு வீட்டில ஒருத்தரும் நம்பேல்லை. ஆள் கலியாண வீடுகளுக்கு வாகனம் ஓடுறவர். இருபது வருசமாக ஒரு ஹையேஸ் வான்தான் சோறு போட்டது. ஆனால் இப்ப யாழ்ப்பாணத்தில் மாப்பிள்ளை வானில் வந்து இறங்கினால் வீடியோ எடுக்கிற பெடியன்கூட முகத்தைச் சுளிக்கிறான். அதனால் 2023 கடைசியில் வானை வித்து, மாமியின்ர காப்பை அடகு வைச்சு, மிச்சத்துக்கு லீசிங் போட்டு, கொழும்பில் ஒரு கார்க்கடையில் 2012ஆம் ஆண்டு 520டி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். வெள்ளை நிறம், டீசல், ஓட்டோ கியர். ஆரோ ஒரு டொக்டர் பெர்மிட்டில் இறக்கினதாம். 2020 பங்குனியில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு நாட்டில் பழசெல்லாம் பொன்னாகிவிட்டிருந்த காலம் அது. புதுசாக வந்தபோது அதற்கு என்ன விலையோ, பதினொரு வருசம் ஓடின பிறகு மாமா குடுத்தது அதைவிடக் குறைவாக இருக்காது.

காரோடு ஒரு கடதாசியும் வந்தது. ஆறு மாத வொரன்ரி, எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும். அதற்குத் தனியாக ஒரு இலட்சத்து எழுபத்தையாயிரம் ரூபா. நாலு பக்கம், முழுக்க இங்கிலீஷ், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. மாமா அதை என்ர கையில தந்து, "நீ கம்பஸ் படிக்கிறாய்தானே பிள்ளை, உதில என்ன கிடக்கெண்டு ஒருக்காப் பார்" எண்டார். நான் கலைப்பீடம். சமூகவியல் வாசிக்கச் சொன்னால் வாசிப்பேன். ஆனாலும் மாமாவுக்கு முன்னால் தெரியாதெண்டு சொல்ல வெட்கம். முதல் பக்கத்தைப் பார்த்தன், மூண்டாம் பக்கத்தைப் பார்த்தன். "ஓம் மாமா, எஞ்சினும் கியர்பொக்ஸும் கவர் ஆகுது, பிரச்சினை இல்லை" எண்டு சொல்லிப்போட்டன்.

இரண்டாம் பக்கத்தில் இருந்தது இதுதான்: எல்லாச் சேர்விஸும் அவர்களுடைய கொழும்பு வேலைத்தளத்தில்தான் செய்ய வேண்டும், வெளியில் ஒரு தடவை செய்தாலும் உத்தரவாதம் செல்லாது. அதற்குக் கீழே, தேய்மானத்தால் வரும் பழுதுகளுக்குப் பொறுப்பில்லை எண்டு ஒரு வரி.

யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்பு கிட்டத்தட்ட நானூறு கிலோமீற்றர். போய்வர எண்ணூறு. ஒயில் மாத்துவதற்காக எண்ணூறு கிலோமீற்றர் ஓடி, அந்த ஒயிலின் ஆயுளில் பத்தில் ஒன்றை ஏ9 வீதியிலேயே முடித்துக்கொண்டு வருவது எந்த ஊர்க் கணக்கு? மாமா செய்தது புத்தியுள்ள எவரும் செய்திருக்கக்கூடியது. கொக்குவிலில் தனக்குத் தெரிந்த கராச்சுக்குக் கொண்டுபோய் எஞ்சின் ஒயிலும் பில்டரும் மாத்தினார்.

அந்தக் கராச்காரரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அறுபது கடந்தவர். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது, சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடின ஒஸ்ரின் ஏ40களையும் மொறிஸ் மைனர்களையும் உயிரோடு வைத்திருந்த தலைமுறை. எங்கட ஊரில் 'திருத்துறது' எண்ட சொல்லுக்கு இருக்கிற மரியாதை அந்த வருசங்களில் வந்ததுதான் என்று நினைக்கிறேன். ஆனால் மனுசன் அங்கேயே நின்றுவிடவில்லை. சீன ஸ்கானர் வைத்திருக்கிறார், மகன் யூடியூப்பில் பார்த்துச் சொல்வதைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். காரைக் கண்டவுடன் கேட்ட முதல் கேள்வி, "டீசல் பில்டர் கிடக்கிற மொடல், லோங்லைஃப் 04 ஒயில்தானே விடோணும்?" புகைத்துகள் வடிகட்டி உள்ள பி.எம்.டபிள்யூ டீசலுக்குச் சாம்பல் குறைந்த அந்த வகை ஒயில்தான் சரி. கண்ட ஒயிலையும் விட்டால் வடிகட்டி அடைத்துவிடும்.

இரண்டாவதாக அவர் கேட்டது, "கியர்பொக்ஸ் ஒயில் எப்ப மாத்தினது?" மாமா கார்க்கடையில் சொன்னதைச் சொன்னார்: "அது மாத்தத் தேவையில்லையாம் அண்ணை. லைஃப்டைமாம்."

கிழவர் சிரிச்சார். "ஆற்ற லைஃப்?"

இந்தக் கேள்வியை நான் அதுக்குப் பிறகு கனநாள் யோசிச்சன். அந்தக் காரில் இருப்பது இசட்.எஃப். என்ற ஜெர்மன் நிறுவனத்தின் எட்டு கியர் பெட்டி. கார்க்கொம்பனி அதன் ஒயிலை ஆயுட்கால ஒயில் என்கிறது. பெட்டியைச் செய்த இசட்.எஃப்.போ 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள் மாற்றச் சொல்கிறது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. கார்க்கொம்பனி மனதில் வைத்திருப்பது, மூன்று நாலு வருசம் ஓடிவிட்டு மாற்றிக்கொள்ளும் முதல் உரிமையாளரின் ஆயுளை. செலவு குறைந்த கார் என்று அவருக்குக் காட்ட வேண்டும். அந்தக் கணக்கில் மூன்றாவது கை இல்லை. பதினொராம் வருசத்தில் காப்பை அடகு வைத்து வாங்கப்போகிற ஒரு மனுசன் கொக்குவில் வெயிலில் நிற்பார் என்று அங்கே ஒருத்தரும் யோசிக்கவில்லை. சொகுசுக் காரைப் பழசாக வாங்குகிறவர் வாங்குவது, முதல் ஆள் செய்யாமல் விட்ட வேலைகளையும் சேர்த்துத்தான்.

அஞ்சாம் மாதம், காலமை எஞ்சின் குளிராக ஸ்டார்ட் பண்ணும்போது பின்பக்கமாக ஒரு 'கறகற' சத்தம். டைமிங் செயின். என்47 என்ற இந்த எஞ்சினுக்கு இது பேர்போன வருத்தம். செயின் முன்னால் இருந்தால் பரவாயில்லை. இதில் அது கியர்பொக்ஸ் பக்கமாகப் பின்னால் இருக்கிறது. ஒரு செயினையும் சில பிளாஸ்ரிக் துண்டுகளையும் மாத்துவதற்கு கியர்பொக்ஸைக் கழற்ற வேண்டும், பலர் எஞ்சினையே இறக்கித்தான் செய்கிறார்கள். சத்தத்தோடு ஓடி ஒரு நாள் அறுந்தால் எஞ்சினே போச்சு. மாமா கடைக்கு அடிச்சார். "வெளியில சேர்விஸ் செய்திருக்கிறியள், வொரன்ரி இல்லை." சரியான ஒயில்தான் விட்டது, பில் இருக்கு எண்டார். "வெளியில செய்தது செய்ததுதான்." சரி, ஒயிலை விடுங்கோ எண்டாலும் இருக்கவே இருக்கு அந்த மற்ற வரி: செயின் தேய்ந்தது தேய்மானம். பதினொரு வருசக் காரில் தேய்மானம் இல்லாத பழுது எது? மழைக்குப் பிடிக்கக்கூடாது எண்டு எழுதிக் குடை விக்கிற மாதிரி.

இதில் என்னுடைய பங்கை மறைக்கவில்லை. அந்த இரண்டாம் பக்கத்தை நான் வாசிச்சிருக்கோணும். ஆனால் என்னை மட்டும் திட்டிவிட்டு முடிக்கக்கூடிய விசயமும் இல்லை இது. தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழியும்தான் என்று 1987இல் 13ஆவது திருத்தம் சொன்னது. அது அரச கந்தோருக்கு. இரண்டு இலட்சம் ரூபாக் கிட்ட வாங்கிக்கொண்டு கையெழுத்து வைக்கச் சொல்லுகிற கடை, வாங்குகிறவருக்கு விளங்குகிற மொழியில் ஒரு பக்கம் தருவதற்கு எந்தத் திருத்தமும் தேவையில்லை. விற்கும்போது நல்லாத் தமிழ் கதைச்சவை.

அமெரிக்காவில் 1975இலேயே ஒரு சட்டம் வந்தது. எங்களிடம் காசு கட்டிச் சேர்விஸ் செய்தால்தான் வொரன்ரி என்று நிபந்தனை போட முடியாது. இலவசமாகச் செய்து கொடுத்தால் வேறு கதை. வெளியில் செய்த வேலையால்தான் பழுது வந்தது என்றால் அதைக் காட்ட வேண்டியது உத்தரவாதம் தந்தவர். எனக்கு நியாயமாகப் படுவது இதுதான். இங்கேயும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ், கொடுத்த உத்தரவாதத்துக்கு மாறான பொருளைப் பற்றி எழுத்தில் முறையிடலாம். நான் கடிதம் எழுதித்தாறன் எண்டன். மாமா, "எத்தினை தரம் கொழும்புக்கு அலையிறது, ஹயர் ஓடுறதை விட்டிட்டு?" எண்டார். லீசிங் கட்ட வேண்டிய திகதி பதினைஞ்சு. சட்டம் அந்தத் திகதிக்கு முதல் வராது.

ஆகவே என்ர கருத்து, ஆரும் பழைய சொகுசுக் கார் வாங்கப்போனால்: கடைக்காரர் விற்கிற வொரன்ரிக்குக் காசு குடுக்காதேங்கோ. அந்தக் காசை அப்படியே பாங்கில் போடுங்கோ, அதுதான் உங்கட வொரன்ரி. அதில் ஒரு பகுதியை வாங்குவதற்கு முன்னமே செலவழித்து, கடையோடு தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்கோ. விடியப் போங்கோ, எஞ்சின் சூடாக முதல் சத்தத்தைக் கேளுங்கோ. நீங்கள் வரமுதலே சூடாக்கி வைச்சிருந்தால் திரும்பி வாங்கோ. செசி இலக்கத்தை வைத்துத் திருப்பியழைப்பு ஏதும் இருக்கா எண்டு பாருங்கோ. 2018இல் தென்கொரியாவில் பி.எம்.டபிள்யூ டீசல்கள் வீதியில் தீப்பிடித்து, புகை மீள்சுழற்சிக் குளிராக்கியில் பிழை என்று உலகம் முழுக்கத் திருப்பியழைத்தார்கள். அங்கே அதிகம் எரிந்தது இதே 520டிதான். இது வொரன்ரி மாதிரி ஆறு மாதத்தில் முடிகிற விசயம் இல்லை, எத்தனையாவது கையில் இருந்தாலும் கேட்கலாம்.

புதுக் கார், உண்மையான கொம்பனி வொரன்ரி என்றால் நான் இப்படிச் சொல்லமாட்டன். அது முடியும்வரை ஏஜென்டிடமே போங்கோ, எண்ணூறு கிலோமீற்றர் எண்டாலும். பதினொரு வருசம் போன பிறகு அந்தப் பழக்கம் வெறும் பயம். கொழும்பில் கண்ணாடி போட்ட வேலைத்தளத்தில் கோப்பி தந்தால் காருக்கு நல்லது நடக்கிறதெண்டும், கொக்குவிலில் தகரக் கொட்டிலில் நடந்தால் அது 'வெளியில' நடந்ததெண்டும் நாங்களே நம்பிக்கொண்டிருக்கிறம். உள்ளே எது, வெளியே எது என்பதைத் தீர்மானிக்கிறது ஆர்?

செயினைக் கொக்குவில் ஐயாதான் மாத்தினார். சாமான் பஞ்சிகாவத்தையில் எடுத்தது, ஒரு கிழமை பஸ்ஸில் வந்து சேரேல்லை. கியர்பொக்ஸ் கீழே இறங்கியிருக்கும்போதே அதன் ஒயிலும் பில்டரும் மாத்தியாச்சு. அந்தப் பில்டர் அடிப் பிளாஸ்ரிக் தட்டோடு ஒன்றாக வருகிறது, தனியாக வாங்க ஏலாது. எல்லாம் சேர்த்து ஆறு இலட்சத்துக்கு மேல. மாமியின்ர காப்பு இன்னும் அடகில்தான் இருக்கு.

நான் ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி அந்தக் காரில் போட்டிருக்கிறன். திகதி, கிலோமீற்றர், என்ன மாத்தினது, எந்த ஒயில், எவ்வளவு, ஆர் செய்தது, எல்லாம் தமிழில். பில்லுகளைப் பக்கத்தில் ஒட்டியிருக்கு. மாமா ஒவ்வொரு ஹயர் முடியவும் கிலோமீற்றரை எழுதிறார். காரை வித்தால் வாங்கிறவரிட்டை கொப்பியையும் குடுக்கோணும் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். செயின் சத்தம் வந்த பக்கத்தையும் கிழிக்காமல்.