பஞ்சில் பெய்யும் பனி

பாறசாலைப் பக்கம் டிசம்பர் விடியலில்கூட வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆனாலும் கிறிஸ்துமஸ் வந்தால் அங்கே பனி பெய்துவிடும். குடிலின் கூரை மேல் பஞ்சு, சவுக்குக் கிளையில் பஞ்சு. தகரப்பெட்டியைத் திறந்தால் பழைய வாழ்த்து அட்டைகள்: பனி மூடிய தேவாலயம், குதிரை இழுக்கும் சறுக்கு வண்டி, உறைந்த குளத்தில் சறுக்கி விளையாடும் சிறுவர்கள். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்துக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் போயின. களியக்காவிளையில் எல்லை விழுந்தது. அட்டைகள் மட்டும் இருபுறமும் ஒன்றாகவே இருந்தன.

இந்தப் பனியை லண்டன் மிஷன் பாதிரிமார் கொண்டுவந்தார்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால், 1843இல் லண்டனில் ஹென்றி கோல் வெளியிட்ட முதல் கிறிஸ்துமஸ் அட்டையில் பனியே கிடையாது. ஒரு குடும்பம் விருந்துண்கிறது. இருபுறமும் ஏழைகளுக்கு உணவும் உடையும் வழங்கப்படுகின்றன. அவ்வளவுதான். அதே ஆண்டு தன் புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் கதையை எழுதிய சார்லஸ் டிக்கன்ஸ் 1812இல் பிறந்தவர். அவருடைய பால்ய வயதில் இங்கிலாந்தில் குளிர் கடுமை. 1814இல் லண்டனில் தேம்ஸ் நதி உறைந்து, அதன் மேல் சந்தையே நடந்தது. அப்படியொரு சந்தை அதன் பிறகு கூடவில்லை. ஆக, அட்டைப் பனியில் பாதி லண்டன்காரர்களுக்கே பழைய ஞாபகம்தான்.

நெய்யாற்றின்கரைக் கிராமங்களுக்கும் ஒரு குளிர்காலம் உண்டு. கிழக்கே அகத்தியர் மலையை மூடுபனி மறைக்கும். ஜனவரி வாக்கில் ரப்பர் மரங்கள் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும். தோட்டத் தொழிலில் அதற்குப் பெயரே 'வின்டரிங்'. இதையெல்லாம் யாரும் அட்டையில் அச்சடித்து விற்றதில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகளிடம் கிறிஸ்துமஸ் படம் வரையச் சொன்னால் ஊசியிலை மரத்தைத்தான் வரைவார்கள்.

அதற்காகப் பழைய அட்டைகளைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். திருப்பிப் பாருங்கள். வளைகுடாவிலிருந்தோ ராணுவ முகாமிலிருந்தோ ஒரு மகன் எழுதிய நாலு வரி இருக்கும். முன்பக்கப் பனி கடன் வாங்கியது. பின்பக்கத்து எழுத்து வீட்டுச் சொத்து. இன்று கைபேசியில் அதே பனி இலவசமாகக் கொட்டுகிறது, பின்பக்கம்தான் இல்லை. வரும் ஜனவரியில் இலை உதிர்த்த ரப்பர் தோட்டத்தை ஒரு படம் எடுத்து, பின்னால் நாலு வரி எழுதி, தபாலில் போட்டுப் பாருங்களேன்.