ஒருத்தர் தூங்கும்போது இன்னொருத்தர்

"எல்லாத்தையும் விட்டுட்டு ஒரு படகு வாங்கிக் கிளம்பிடணும் மச்சி." ப்ளேஸ்மென்ட் சீசன் ஆரம்பிச்சதுல இருந்து இந்த வசனத்தைக் கேன்டீன்ல வாரத்துக்கு ரெண்டு தடவையாவது கேட்டிருப்பீங்க. நீங்களே சொல்லியும் இருக்கலாம். அமெரிக்காவுல ஆலிவர் விட்ஜர்னு ஒருத்தர் வேலையை விட்டுட்டு, ஃபீனிக்ஸ்ங்கிற பூனையைக் கூட்டிக்கிட்டு ஒரிகன்ல இருந்து ஹவாய்க்குப் பாய்மரப் படகுலயே போய் 2025 மே மாதம் கரை சேர்ந்தார். லட்சக்கணக்கான பேர் அதை ஃபோன்ல பார்த்தாங்க. வீட்டை வித்துட்டு ஜோடியாக் கடல் தாண்டுறவங்க சேனல்களும் யூடியூப்ல கொட்டிக் கிடக்கு. சூரிய அஸ்தமனம், கையில காபி, மேல இருந்து ட்ரோன் ஷாட்.

எனக்கும் அந்த வீடியோ எல்லாம் பிடிக்கும். ஆனா அதுல ஒரு பகுதி எப்பவும் கட் ஆகிடுது: கிளம்பின முதல் பத்து நாள். என்னைக் கேட்டா, நாம பார்க்க வேண்டியதே அந்தப் பத்து நாளைத்தான்.

இதைச் சொல்ற எனக்குச் சொந்த ஊர் ஓரிக்கை. காஞ்சிபுரத்தை ஒட்டி, பாலாத்தங்கரையில இருக்கு. பாலாறுன்னு பேருதான், வருஷத்துல முக்காவாசி நாள் மணல். கடலைப் பார்க்கணும்னா பஸ் பிடிச்சு மகாபலிபுரம் போகணும். அதனால இது அனுபவத்துல எழுதுறது இல்லை, படிச்சு எழுதுறது. முன்னாடியே சொல்லிடுறேன்.

உதாரணத்துக்கு அமெரிக்கா வரைக்கும் போக வேண்டாம். 2024 அக்டோபர் 2 அன்னைக்கு கோவாவுல இருந்து 'ஐஎன்எஸ்வி தாரிணி' கிளம்பிச்சு. 56 அடி நீளப் பாய்மரப் படகு. உள்ள ரெண்டே பேர். ஒருத்தர் கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினென்ட் கமாண்டர் தில்னா. இன்னொருத்தர் நம்ம புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினென்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி. காத்தை மட்டும் நம்பி உலகத்தைச் சுத்தி வந்தாங்க. ஃப்ரீமேன்டில், லிட்டில்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன்னு நாலு இடத்துல நின்னு, 25,400 கடல் மைலுக்கு மேல ஓட்டி, 2025 மே 29 அன்னைக்குத் திரும்பினாங்க. அன்னைக்கு எல்லாரும் ஸ்டேட்டஸ் வெச்சோம். கிளம்பின அன்னைக்கு எத்தனை பேர் வெச்சோம்?

முதல் கட்டம் கோவாவுல இருந்து ஆஸ்திரேலியாவோட ஃப்ரீமேன்டில் வரைக்கும். நடுவுல எங்கயும் நிக்காம 39 நாள், சுமார் 4,900 கடல் மைல். கால்குலேட்டர் எடுத்துப் போட்டுப் பாருங்க. சராசரியா மணிக்கு அஞ்சு கடல் மைலுக்குக் கொஞ்சம் மேல, அதாவது 10 கிலோமீட்டருக்கும் கீழ. எங்க தாத்தா சைக்கிள் அந்த வேகத்துக்குப் போகும். இந்த வேகத்துல வழியில பூமத்திய ரேகையைத் தாண்டணும். அந்தப் பக்கம் காத்தே இல்லாம பாய் தொங்கிப் போற பட்டை ஒன்னு உண்டு. அங்க அந்த சைக்கிள் வேகமும் கிடைக்காது.

முதல் சில நாள்ல என்ன நடக்கும்? பொதுவா யாரா இருந்தாலும் வாந்திதான். உள்காது "ஆடுது"ன்னு சொல்லும், கேபினுக்குள்ள இருக்குற கண்ணு "ஆடலையே"ன்னு சொல்லும். மூளை ரெண்டு சென்சார்ல எதை நம்புறதுன்னு தெரியாம வயித்து மேல பழி போட்டுடும். பல பேருக்கு ரெண்டு மூணு நாள்ல உடம்பு பழகிடும். சிக்கல் என்னன்னா, அதே ரெண்டு மூணு நாள்தான் படகு கரைக்குப் பக்கத்துல இருக்கும். மீன்பிடி வலை, விளக்கே இல்லாத சின்னப் படகு, துறைமுகத்துக்கு வரிசையா வர்ற சரக்குக் கப்பல் எல்லாம் அங்கதான். கண்ணு ரொம்ப விழிப்பா இருக்க வேண்டிய நேரத்துல உடம்பு ரொம்ப மோசமா இருக்கும். நடுக்கடல்தான் ஆபத்துன்னு நாம நினைக்கிறோம், இல்லையா?

இங்கதான் 'வாட்ச்' முறை வருது. ஒருத்தர் மேல நின்னு பார்ப்பார், இன்னொருத்தர் கீழ தூங்குவார். சில மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்திப்பாங்க. தானியங்கி ஸ்டியரிங் இருந்தாலும் பார்க்க ஆள் வேணும். அடிவானத்துல புள்ளியாத் தெரியுற பெரிய கப்பல் நம்ம மேல வந்து சேர இருபது நிமிஷம் போதும். அதனால ரெண்டு பேரா இருக்குற படகுல ஒரு வேடிக்கை உண்டு. ரெண்டு பேரும் சேர்ந்து உக்கார்ந்து காபி குடிக்கிற நேரம் ரொம்பக் கம்மி. ஒரு படகைப் பங்கு போட்டுக்கிட்ட ரெண்டு தனி ஆள் மாதிரிதான். பாய் மாத்தணும்னா தூங்குறவங்களையும் எழுப்பணும், அப்போ ரெண்டு பேர் தூக்கமும் போச்சு. முதல் வாரம் முழுக்கப் பழக வேண்டியது இதுதான்: மேல இருக்குறவர் கையில உயிரை விட்டுட்டுக் கீழ போய் உண்மையாவே தூங்குறது. கண்ணை மூடிக்கிட்டு "அது என்ன சத்தம்"னு யோசிச்சுக்கிட்டே படுத்திருந்தா, நாலாவது நாள் ரெண்டு பேருமே காலி.

தில்னாவும் ரூபாவும் அந்த நம்பிக்கையைக் கடலுக்குப் போன பிறகு தேடலை. மூணு வருஷப் பயிற்சி. ரெண்டு பேர் மட்டும் கோவாவுல இருந்து போர்ட் பிளேர் போய்த் திரும்பினாங்க, அப்புறம் மொரீஷியஸோட போர்ட் லூயிஸுக்கும் போனாங்க. சொல்லிக் கொடுத்தவர் உலகத்தைத் தனியாச் சுத்தி வந்த கமாண்டர் அபிலாஷ் டோமி. "எல்லாத்தையும் விட்டுட்டு"ங்கிற வார்த்தைக்கே இதுல இடம் இல்லை.

புருஷன் பொண்டாட்டி கதை வேணும்னா மாரிஸ் பெய்லி, மேரலின் பெய்லின்னு ஒரு இங்கிலாந்து ஜோடி இருக்காங்க. வீட்டை வித்துட்டு 1972ல கிளம்பினாங்க. படகுக்கு ரெண்டு பேர் பேரையும் சேர்த்து 'ஆரலின்'னு வெச்சாங்க. 1973 மார்ச் 4, பசிபிக்ல ஒரு திமிங்கலம் மோதிப் படகு முழுகிடுச்சு. ரப்பர் மிதவையில 117 நாள். கடைசியில ஒரு தென்கொரிய மீன்பிடிக் கப்பல் காப்பாத்திச்சு. படகுல கேப்டன் மாரிஸ்தான். ஆனா மிதவையில அவர் மனசு உடைஞ்சப்போ தாக்குப்பிடிச்சது மேரலின். நீச்சல் தெரியாத அவங்க, சேஃப்டி பின்னை வளைச்சுத் தூண்டில் செஞ்சாங்க. ஊருக்குப் போனதும் வாங்கப் போற அடுத்த படகுக்கு பிளான் போட்டாங்க. (வாங்கினாங்க, போனாங்க. அது தனிக் கதை.) ஒருத்தர் விழும்போது இன்னொருத்தர் நிக்கிறதும் ஒரு வாட்ச்தான்.

இப்போ எங்க வீட்டுத் தறிக்கு வாங்க.

காஞ்சிபுரம் பட்டுல 'கோர்வை'ன்னு ஒரு ரகம். உடம்பு ஒரு கலர், பார்டர் வேற கலர். நடுவுக்கு ஒரு நாடா, ரெண்டு பக்கப் பார்டருக்கு ரெண்டு நாடா, ஆக மூணு. ஒவ்வொரு இழைக்கும் உடம்பு நூலும் பார்டர் நூலும் ஒன்னையொன்னு கோத்துக்கிட்டுத் திரும்பணும். ஒரு ஆளால முடியாது. நெய்யுறவர் குழித்தறியில உக்காருவார், பக்கத்துல இன்னொருத்தர் உக்கார்ந்து ஒரு பக்கத்துப் பார்டர் நாடாவைப் பார்த்துப்பார். எங்க வீட்டுல அப்பா நெய்வார். எட்டாவது படிக்கும்போதுல இருந்து லீவு நாள்ல அந்த ரெண்டாவது ஆள் நான்தான். மத்த நாள்ல அம்மா.

படகும் தறியும் ரெண்டு பேர் வேலைதான், ஆனா நேர் எதிர். படகு பேரலல் சர்க்யூட். ஒரு ஆள் தூங்கினாலும் ஓடும். தறி சீரிஸ். ஒரு ஆள் எழுந்து தண்ணி குடிக்கப் போனா அங்கேயே நின்னுடும். சாஃப்ட் ஸ்கில்ஸ் க்ளாஸ்ல 'டீம் ஒர்க்'னு ஒரே வார்த்தையில ரெண்டையும் மூட்டை கட்டிடுறாங்க. நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் டீம் எந்த வகைன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. ஒருத்தன் கோட் எழுத, மூணு பேர் தூங்கினா அது பேரலல்னு மட்டும் தயவுசெஞ்சு சொல்லாதீங்க. பேரலல்னா ஷிஃப்ட் மாறணும்.

எனக்குப் பெங்களூர்ல வேலை கிடைச்சிருக்கு. ஜூலையில சேரணும். அம்மாவுக்கு வலது தோள்பட்டை வலி, டாக்டர் ரொம்ப நேரம் உக்காரக் கூடாதுன்னுட்டார். நான் கிளம்பினா கோர்வைக்கு ரெண்டாவது ஆள் கிடையாது. அப்பா "நீ போம்மா, நான் கோர்வை இல்லாத ரகத்துக்கு மாறிக்கிறேன்"னு சாதாரணமாச் சொல்றார். அதுக்குக் கூலி கம்மி. அது மட்டும் இல்லை, முப்பது வருஷமா கோர்வை போட்ட கை அது. எங்க தெருவுல இப்படி ஏற்கனவே மாறின தறிகள் உண்டு. பசங்க படிச்சு வெளியே போன வீடுகள்தான் அவை.

நான் போகப் போறேன். அதுல எனக்குக் குழப்பம் இல்லை, நீங்களும் போங்கன்னுதான் சொல்வேன். ஆனா "எல்லாத்தையும் விட்டுட்டு"ங்கிறது எனக்கு ஒத்துக்கலை. வாட்ச் மாறும்போது மேல இருந்தவர் சும்மா இறங்கிப் போறது இல்லை. காத்து எந்தப் பக்கம், எந்தத் திசையில ஓட்டுறோம், எந்தக் கப்பல் எங்க தெரியுதுன்னு சொல்லிட்டுத்தான் போய்ப் படுப்பார். ரெண்டு நிமிஷ வேலை. வீட்டை விட்டுக் கிளம்புற நமக்கு அந்த ரெண்டு நிமிஷம் எது? மாசம் அனுப்புற பணம் மட்டும்னு சில பேர் சொல்றாங்க. பணத்தால பார்டர் நாடாவைத் தள்ள முடியாது.

ஜூலைக்கு இன்னும் கொஞ்ச மாசம் இருக்கு. எதிர் வீட்டு அக்கா தினமும் மதியம் ரெண்டு மணி நேரம் வந்து உக்கார்றதாச் சொல்லியிருக்காங்க. அவங்களுக்கு நான் கத்துக் கொடுக்க ஆரம்பிச்சாச்சு. இன்னொரு வழியும் தோணுது. அந்த ஒரு பக்கத்து நாடாவை மட்டும் ஒரு சின்னப் பொறி தள்ளினா போதும், ஆனா இழை கோக்குற இடத்துல அரை மில்லிமீட்டர் கூடப் பிசகக் கூடாது. மெக்கானிக்கல், மெகட்ரானிக்ஸ் ஜூனியர்ஸ் யாராவது ஸ்மார்ட் டஸ்ட்பின்னைத் தவிர வேற ப்ராஜெக்ட் தேடிக்கிட்டு இருந்தா, ஒரு சனிக்கிழமை ஓரிக்கைக்கு வாங்க. வந்ததும் அளவெடுக்க ஆரம்பிக்காம, முதல்ல அப்பா பக்கத்துல ஒரு மணி நேரம் உக்கார்ந்து கோர்வை போட்டுப் பாருங்க. டீ அம்மா தருவாங்க.