கோழிக்கு மருந்தா, கூடைக்கு மருந்தா?

ராணிப்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். 11 முட்டை வைத்து அடைக்கு உட்கார்த்திய கோழி, 15-ஆம் நாள் எழுந்து போய்விட்டதாம். பிடித்து வைத்தாலும் உட்காரவில்லை. முட்டை அத்தனையும் வீண். இறகை விலக்கிப் பார்த்தால் என்னவோ ஊர்கிறது. மூன்று தடவை வேப்பெண்ணெய் பூசியும் பிரயோஜனமில்லை. “அடையை விட்டெழுந்த கோழி வீட்டுக்கு ஆகாது, அறுத்துவிடு” என்கிறாராம் மாமியார். பிள்ளைகளின் நோட்டுப் புத்தகச் செலவு அந்தக் கோழியின் முட்டைக் காசில்தான் நடக்கிறது என்றும் ஒரு வரி.

அறுக்க வேண்டாம், அம்மா. கோழியின் மேல் குற்றமில்லை. 21 நாள் அடை காக்க வேண்டிய பறவை நடுவில் எழுந்து ஓடுகிறது என்றால், உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை என்று அர்த்தம்.

இன்று இரவு எல்லோரும் படுத்த பிறகு, ஒரு டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு பஞ்சாரத்தின் பக்கம் போங்கள். மூங்கில் பின்னலின் இடுக்கு, பக்கத்துச் சுவர் வெடிப்பு, கோழி உட்காரும் கட்டையின் அடிப்புறம் எல்லாம் பாருங்கள். பகலில் கண்ணில் படாதது இரவில் படும்.

கோழியின் உடம்பிலேயே பிறந்து, அங்கேயே வாழ்ந்து சாவது பேன். ஆசனவாயைச் சுற்றி, இறகின் அடியில், வெள்ளையாக ஈர் அப்பியிருக்கும். அது இறகையும் தோல் செதிலையும் தின்னும். இதற்குக் கோழிக்குத்தான் வைத்தியம். ஆனால் செள்ளில் ஒரு வகையும் கோழி உண்ணியும் அப்படியல்ல. இரவில் வந்து ரத்தம் குடித்துவிட்டு, விடிவதற்குள் இடுக்குக்குத் திரும்பிவிடும். கோழிக்கு எத்தனை எண்ணெய் பூசினால் என்ன? திருடன் பக்கத்து வீட்டில் தூங்குகிறான்!

உண்ணி என்றால் உங்கள் ஊருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மாட்டுத் தோலில் உண்ணிக் கடியின் தழும்பு இருந்தால் தோல் மண்டியில் விலை இறங்கிவிடும். கோழி உண்ணி வேறு ஜாதி. பசியில் சப்பையாகப் பழுப்பாக இருக்கும். குடித்தபின் நீலம் பாய்ந்து உப்பும். அரை மணி நேரம் போதும் அதற்கு. ரத்தம் போவதோடு, ஒருவிதக் கிருமிக் காய்ச்சலையும் அது பரப்பும். கொண்டை வெளுத்து, பச்சையாகக் கழிந்து, கோழி சுருண்டுவிடும். அதை வெள்ளைக் கழிச்சல் என்று எண்ணிவிடாதீர்கள். வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து உங்கள் ஊரிலேயே, 1932-இல் தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தில் தயாராகிறது. (அந்த நோய்க்கு ‘ராணிக்கெட்’ என்று பெயர் வந்தது இமயமலைப் பக்கத்து ஊரால், ராணிப்பேட்டைக்கு அந்தப் பழி இல்லை!) ஆனால் அந்த ஊசி உண்ணியைத் தடுக்காது. இப்படிச் சுருண்ட கோழியை உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பழைய பஞ்சாரத்தையும் வைக்கோலையும் எரித்துவிடுங்கள். காசு போகிறதே என்று பார்க்காதீர்கள். கூடையைச் சில மாதம் சும்மா போட்டால் உண்ணி பட்டினியில் செத்துவிடும் என்று எண்ணுவோர் உண்டு. வளர்ந்த உண்ணி ஒரு வருஷத்துக்கு மேல்கூடப் பட்டினி கிடக்கும்! சுவர் வெடிப்பில் கொதிக்கும் நீரை ஊற்றி, காய்ந்தபின் பூசி அடைத்து, சுண்ணாம்பு அடியுங்கள். புதுக் கூடையைச் சுவரை ஒட்டாமல் வையுங்கள். பத்து நாள் கழித்து மறுபடி டார்ச்சோடு ஒரு பார்வை.

கோழிக்கு, நிழலில் ஒரு பழைய தொட்டியில் பொடி மண்ணும் நன்றாக ஆறிய அடுப்புச் சாம்பலும் கலந்து வையுங்கள். புரண்டு புரண்டு தானே குளித்துக்கொள்ளும். பேன் அதிகமிருந்தால் மருத்துவர் தரும் பொடியை ஒரு தடவை போட்டு நிறுத்தாதீர்கள்; ஈர் பொரிந்து புதுப் பேன் கிளம்புமல்லவா? அவர் சொல்லும் நாளில் மறுபடியும் போட வேண்டும்.

அடைக் கோழிக்கு மட்டும் எண்ணெய் வேண்டாம். மார்பிலிருந்து முட்டையில் ஒட்டினால் ஓட்டின் நுண்துளை அடைபட்டு, உள்ளே குஞ்சு மூச்சு முட்டிப் போகும். உங்கள் முட்டைகள் வீணானதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். தெரியாமல் செய்தது, மனத்தை அலட்டிக்கொள்ளாதீர்கள். வயலுக்கு வாங்கி மிஞ்சிய பூச்சி மருந்தை மாத்திரம் கூண்டுப் பக்கம் கொண்டுவராதீர்கள். 2017-இல் நெதர்லாந்தில் செள்ளுக்காகக் கூண்டுகளில் தெளித்த மருந்தோடு பிப்ரோனில் என்ற விஷம் கலந்து, முட்டைக்குள்ளேயே போய்விட்டது. கடைகளிலிருந்து லட்சக்கணக்கான முட்டைகளைத் திரும்ப எடுத்தார்கள். நம் வீட்டு முட்டையைத் தின்பது நம் குழந்தைகள் அல்லவா?

கடைசியில், சிறு எழுத்தில், வெட்கத்தோடு கேட்டிருக்கிறீர்கள்: கோழிப் பேன் மகளின் தலையில் ஏறுமா என்று. ஏறாது. அது வேறு, இது வேறு. செள்ளு கையில் ஊர்ந்தால் ஒரு நாள் அரிக்கும், அவ்வளவுதான். மகளின் தலைப் பேனுக்குப் பள்ளிக்கூடத்தில் அடுத்த பெஞ்சைப் பாருங்கள்.

அந்தக் கோழி மறுபடி அடைக்கு வரும்போது புதுக் கூடையில் வைத்துப் பாருங்கள். எத்தனை குஞ்சு பொரித்தது என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.