சாய்ந்து ஓடிய இரயில்

இறுதியாண்டில் நான் செய்த ஆய்வுத் திட்டக் கருவி, விளக்கமளித்த அன்று இயங்கவில்லை. அறையில் எழுந்த சிரிப்பு தாங்காமல் அதை அலமாரியில் பூட்டிவிட்டேன். மறு ஆண்டு இளைய மாணவர் ஒருவர் கேட்டு வாங்கிப் பார்த்தார். பிழை ஒரே ஓர் இணைப்பில்தான் இருந்தது! பிரிட்டனின் 'ஏ.பி.டி.' இரயிலைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்த அலமாரி என் நினைவுக்கு வருகிறது.

வளைவில் வேகமாகச் சென்றால் பயணிகள் வெளிப்புறம் தள்ளப்படுவார்கள். ஜப்பானும் பிரான்சும் அதிவேக இரயிலுக்கெனப் புதிய பாதைகளை அமைத்தன. பிரிட்டிஷ் இரயில்வேயின் டெர்பி பொறியாளர்களோ, பழைய வளைந்த பாதையிலேயே விரைய வழி தேடினர். மோட்டார் சைக்கிளோட்டி போல, பெட்டியே வளைவின் உட்புறம் சாய வேண்டும் என்பது அவர்கள் கண்ட வழி. 1972இல் சோதனை இரயில் ஓடியது. 1979இல் அடுத்த வடிவம் மணிக்கு 261 கிலோமீட்டரைத் தொட்டது.

1981 டிசம்பர் 7ஆம் நாள், செய்தியாளர்களும் ஏறிய முதல் பொதுப் பயணம். சிலருக்குத் தலைசுற்றியது. அடுத்த சில நாட்களில் கடுங்குளிர் வந்தது, தடைக்கருவிகள் உறைந்தன. பத்திரிகைகள் எள்ளி நகையாடின. அம்மாதமே சேவை நிறுத்தப்பட்டது.

தலைசுற்றலுக்குக் காரணம் வியப்பானது. சாய்வு அளவுக்கு மீறிக் கச்சிதமாக இருந்தது! வளைவதைக் கண் கண்டது, உடல் உணரவில்லை. சாய்வைச் சற்றுக் குறைத்ததும் சிக்கல் தீர்ந்தது. 1984இல் இரயில் சத்தமின்றிப் பயணிகளை ஏற்றியது. அவ்வாண்டு டிசம்பரில் இலண்டனிலிருந்து கிளாஸ்கோவுக்கு 3 மணி 52 நிமிடங்களில் சென்றது. ஆனால், நம்பிக்கையும் பணமும் அதற்குள் வற்றிவிட்டன. 1986க்குள் ஓய்வு, பெரும்பாலான பெட்டிகள் உடைக்கப்பட்டன.

பின்னர், 2000களில் அதே பாதைக்கு வந்தவை, இத்தாலியில் வளர்ந்த சாயும் நுட்பத்தைக் கொண்ட 'பெண்டோலினோ' இரயில்கள். 2021இல் அவற்றுள் ஒன்று 1984இன் சாதனையை முறியடிக்க முயன்று, 21 விநாடிகளில் தவறவிட்டது.

பாதி வெந்ததை அவசரப்பட்டுப் பரிமாறியது முதல் பிழை. வெந்த பிறகு கொட்டியது அதனினும் பெரிய பிழை என்பேன். ஒரு பருவத்தில் புள்ளி குறைந்ததும் துறையையே மாற்றத் துடிக்கும் தம்பி தங்கையரே, சிரிப்பவர் சிரிக்கட்டும். அலமாரியைப் பூட்டுமுன் அந்த ஓர் இணைப்பைச் சரிபார்த்துவிடுங்கள்!