மின்முரசும் உருமியும்

மின்னிசை என்றாலே "அது சத்தம், சங்கீதமன்று" எனத் தீர்ப்பெழுதிவிடும் ரசிகர்களுக்குத் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் பஞ்சமில்லை. எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்த மாதங்கி அருள்பிரகாசத்தின் பெயரை எடுத்தாலே முகம் சுளிப்பார்கள். அந்தச் சுளிப்பின் நேர்மையையே நாம் கேள்வி கேட்கிறோம்.

1975-இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் சென்று, சில காலம் சென்னையிலும் வாழ்ந்து, 1986-இல் போரின் அகதியாக லண்டன் திரும்பியவர் மாதங்கி. ஓவியமும் திரைப்படமும் பயின்றார். பாட்டு வாத்தியார் யாருமில்லை. ரோலண்ட் எம்.சி.-505 என்னும் தாளப்பெட்டியைத் தட்டித் தட்டியே இசைக்குள் வந்தார். தந்தையின் இயக்கப் பெயரில் 2005-இல் 'அருளர்', தாயின் பெயரில் 2007-இல் 'கலா' ஆகிய இசைத்தொகுப்புகள் வெளிவந்தன. 'ஸ்லம்டாக் மில்லியனர்' பாடலுக்காக 2009-இல் ஏ.ஆர்.ரஹ்மானுடன் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார்.

"அவர் பாடுவது ஆங்கிலத்தில்தானே?" என்பார்கள். பெரும்பாலும் அப்படித்தான், மறுக்கவில்லை. ஆனால் 'கலா'வுக்காக அவர் தேடி வந்தது தமிழ்நாட்டின் உருமியை. சாவு வீட்டிலும் ஊர்த் தெய்வத்தின் முன்னும் ஒலித்து, சபா வாசலில் நின்றுவிடும் அதே உருமிதான் அவருடைய தாளப்பெட்டியோடு சரிசமமாக உலகெங்கும் முழங்கியது.

நாம் செய்தது என்ன? கச்சேரி மேடையில் மின்சாரத் தம்பூராவை ஏற்றுக்கொண்டோம். தெருக்கோயில்கள் பலவற்றில், தீபாராதனைக்குச் சுவிட்சைத் தட்டினால் தானே அடிக்கும் மின்முரசை மாட்டினோம். தவிலுக்கும் நாகசுரத்துக்கும் கூலி மிச்சம். மின்னிசைக்காரி என்று நாம் ஏசுகிறவர் மனிதக் கைகளைத் தேடி வந்தார். மரபைக் காப்பதாகச் சொல்லும் நாமோ அந்தக் கைகளை வீட்டுக்கு அனுப்பினோம். எது இயந்திர இசை?

உறையூர்ப் பாணரைக் கல்லெறிந்து விலக்கியவரே பின்னர் அவரைத் தோளில் சுமந்து அரங்கன் சந்நிதிக்குள் கொண்டுசென்றார் என்பது இந்தத் தீவு தலைமுறைகளாகச் சொல்லிவரும் கதை. திருப்பாணாழ்வாரோடு மாதங்கியை நாம் ஒப்பிடவில்லை. கதையைக் கொண்டாடுகிறவர்களுக்கு அதன் பொருள் ஏன் எட்டவில்லை என்றே கேட்கிறோம்.

அடுத்த முறை வீதியில் உருமி கேட்டால், சன்னலைச் சாத்தாமல் ஐந்து நிமிடம் நின்று கேளுங்கள். பிறகு 'கலா'வைக் கேளுங்கள். பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமை அதன் பின்னரே.