மாலத்தீவில் எங்கே தங்குவது? ரூம் வாடகை சொல்லாத கணக்கு

மாலத்தீவு டூர் விளம்பரங்களில் பெரும்பாலும் ஒரே படம்தான் வரும். கண்ணாடி மாதிரி கடல், அதன் மேல் தூண்களில் நிற்கும் மர வீடு, வாசலில் இருந்து நேராகத் தண்ணீரில் இறங்கும் படிக்கட்டு. ஒரு இரவுக்கான வாடகையைப் பார்த்தால் தலை சுற்றும். கொஞ்சம் தேடினால், அதே மாலத்தீவில் 60 டாலருக்கும், அதாவது சுமார் ஐந்தாயிரம் ரூபாய்க்கும் ரூம் கிடைக்கிறது. இது ஏமாற்று வேலை இல்லை. இரண்டும் வேறு வேறு தீவுகள், வேறு வேறு விதிகள்.

ஏன் இப்படி?

முதல் ரிசார்ட்டான குரும்பா 1972-ல் தொடங்கப்பட்டது. அதன்பின் வளர்ந்த ஏற்பாடு, 'ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட்'. நாட்டில் சுமார் 1,200 தீவுகள். மக்கள் வசிப்பது 200-க்கும் குறைவான தீவுகளில்தான். ஆளில்லாத தீவுகளை அரசு குத்தகைக்கு விட, நிறுவனங்கள் அங்கே ரிசார்ட் கட்டின. மது, நீச்சலுடை எல்லாம் அங்கே சகஜம். உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் வெளிநாட்டுப் பயணிகள் இரவு தங்குவதற்கு நீண்ட காலம் வழி இல்லாமல் இருந்தது. முகமது நஷீத் அதிபராக இருந்த 2009-ல்தான் இந்தக் கதவு திறந்தது. அதன்பிறகே மாஃபுஷி, துலுஸ்தூ, திகுரா, தொட்டூ போன்ற தீவுகளில் கெஸ்ட் ஹவுஸ்கள் முளைத்தன.

உள்ளூர் தீவு என்றால் பள்ளிவாசல், மளிகைக் கடை, பள்ளிக்கூடம் எல்லாம் உள்ள சாதாரண ஊர். மது கிடையாது, சூட்கேஸில் கொண்டுபோனால் விமான நிலையச் சுங்கத்திலேயே வாங்கி வைத்துக்கொண்டு, திரும்பும்போதுதான் தருவார்கள். நீச்சலுடைக்கு 'பிகினி பீச்' என்று தனியாக ஓர் இடம் ஒதுக்கியிருப்பார்கள், மற்ற இடங்களில் தோளும் தொடையும் மறையும் உடை வேண்டும். ரமலான் மாதத்தில் பகலில் பல ஓட்டல்கள் மூடியிருக்கும். குழந்தைகளோடு போகும் நம் ஊர்க் குடும்பங்களுக்கு இதெல்லாம் பெரிய குறையாகத் தெரியாது. ஹனிமூன் ஜோடி என்றால் யோசிக்கத்தான் வேண்டும்.

பில்லில் என்னென்ன சேரும்?

60 டாலர் ரூமையே எடுத்துக்கொள்வோம். இருவர், மூன்று இரவு: 180 டாலர். சேவைக் கட்டணம் 10 சதவீதம் சேர்ந்தால் 198. அதன் மேல் சுற்றுலா ஜிஎஸ்டி. 16 சதவீதமாக இருந்த இந்த வரி, 2025 ஜூலையில் இருந்து 17 சதவீதம். அதோடு பசுமை வரி. 2025 ஜனவரியில் இது இரட்டிப்பாகி, 50 ரூம் வரையுள்ள உள்ளூர் கெஸ்ட் ஹவுஸ்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 6 டாலர், ரிசார்ட்டில் 12 டாலர். எல்லாம் கூட்டினால் 180 டாலர் சுமார் 268 டாலர் ஆகிறது. கிட்டத்தட்ட பாதி விலை கூடிவிட்டது! சில புக்கிங் தளங்கள் இதையெல்லாம் சேர்த்தே காட்டும், சில கடைசிப் பக்கத்தில்தான் காட்டும்.

இவ்வளவும் சின்னச் செலவு என்று ஆக்கிவிடும் இன்னொன்று இருக்கிறது: போக்குவரத்து. தூரத்து ரிசார்ட்டுகளுக்குக் கடல் விமானம்தான் வழி. போய்வர ஒருவருக்கு 400 டாலர் தாண்டுவது சகஜம். 'ஆஃபரில்' ரூம் மலிவாகக் கிடைத்ததே என்று மகிழ்ந்தவர்களின் கையைக் கடிப்பது இந்த இடம்தான். அதனால் ரூம் படத்தைப் பார்ப்பதற்கு முன், விமான நிலையத்தில் இருந்து அந்தத் தீவுக்கு எப்படிப் போவது, தலைக்கு எவ்வளவு என்று பார்ப்பதே புத்திசாலித்தனம். மாஃபுஷி போன்ற பக்கத்துத் தீவுக்கு ஸ்பீட் போட்டில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

நீச்சல் தெரியுமா என்பதும் முக்கியம். தெரியாதவர்களுக்கு ஆழமில்லாத, அலையில்லாத லகூன் உள்ள தீவு போதும். மீன்களையும் பவளப் பாறைகளையும் பார்க்க ஆசை என்றால், கரையில் இருந்தே நீந்திப் போகும் தூரத்தில் பவளத்திட்டு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் படகுக்குக் காசு.

பணம் யாருக்குப் போகிறது?

2024 ஜனவரியில் பிரதமர் மோடி பற்றி மாலத்தீவு துணை அமைச்சர்கள் மூவர் சொன்ன கருத்துகளால் 'மாலத்தீவைப் புறக்கணிப்போம்' கோஷம் கிளம்பியது நினைவிருக்கும். 2023-ல் இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்த இந்தியப் பயணிகள் எண்ணிக்கை, 2024-ல் சுமார் 1.3 லட்சமாகச் சரிந்தது. 2025 ஜூலையில் மோடியே அங்கே சென்றுவந்த பிறகு அந்தச் சூடு தணிந்துவிட்டது. ஆனால் அன்றைய விவாதத்தில் பேசப்படாத ஒன்று உண்டு. ஐரோப்பியர்களையும் சீனர்களையும் நம்பும் பெரிய ரிசார்ட்டுக்கு இந்தியர்கள் வராதது தாங்கக்கூடிய நஷ்டம். நாலைந்து ரூம் வைத்திருக்கும் தீவுக் குடும்பத்துக்கு அப்படி இல்லை. கெஸ்ட் ஹவுஸில் கொடுக்கும் காசு, பக்கத்து டீக்கடைக்கும் படகுக்காரருக்கும் கூடப் போய்ச் சேர்கிறது.

விமான டிக்கெட் போடும்போது நேரத்தையும் கிழமையையும் பார்த்துவிடுவது நல்லது. கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். மாலை 4 மணிக்கு மேல் வந்திறங்கினால் அன்றிரவு மாலேயிலோ ஹுல்ஹுமாலேயிலோ தங்க வேண்டியிருக்கும், அந்தச் செலவும் நம்முடையதுதான். கெஸ்ட் ஹவுஸுக்குப் போகிறவர்கள் மலிவான அரசு ஃபெர்ரியை நம்பியிருந்தால், வெள்ளிக்கிழமை போய் இறங்காமல் இருப்பது உத்தமம். பெரும்பாலான வழித்தடங்களில் அன்று அது ஓடாது.