பனி ஏரியின் எச்சரிக்கையும் லாபக் கணக்கும்

சிக்கிமின் சுங்தாங்கில் அடித்துச் செல்லப்பட்ட தீஸ்தா-3 அணையை மீண்டும் கட்டுவதற்கு, ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் நிபுணர் மதிப்பீட்டுக் குழு 2025 ஜனவரியில் பரிந்துரை அளித்தது. புதிதாக மக்கள் கருத்துக்கேட்பு நடத்தாமலேயே அளிக்கப்பட்ட இப்பரிந்துரை கடும் கண்டனத்துக்குரியது.

சுமார் 5,200 மீட்டர் உயரத்திலுள்ள தெற்கு லோனாக் ஏரி, பனியாறு உருகப் பல பத்தாண்டுகளாக விரிந்துவந்தது. 2023 அக்டோபர் 3 நள்ளிரவையொட்டி அது உடைந்தது. செப்டம்பர் 28 அன்று 167 ஹெக்டேராக இருந்த அதன் பரப்பு, அக்டோபர் 4 அன்று 60 ஹெக்டேராகச் சுருங்கியதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. 2017இல் இயங்கத் தொடங்கிய 1,200 மெகாவாட் நிலையத்தின் அணை சரிந்தது. தேங்கியிருந்த நீரும் சேர்ந்து கீழுள்ள ஊர்களைச் சூறையாடியது. ராணுவத்தினர் உட்பட நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இதை இயற்கைச் சீற்றம் என்று மட்டும் கூறித் தப்பிக்க இயலாது. ஏரியின் ஆபத்து முன்பே அறியப்பட்டது; 2016இலேயே குழாய்கள் வழியே அதன் நீரை வடிக்க முயன்றனர். ஆயினும் மக்களை உரிய நேரத்தில் எச்சரிக்கும் ஏற்பாடு அமையவில்லை. 2021 பிப்ரவரியில் சமோலியில் பாறையும் பனியும் சரிந்து எழுந்த வெள்ளம் தபோவன் சுரங்கத்தில் தொழிலாளர்களைப் பலிகொண்ட பின்னரும் ஆட்சியாளர்கள் பாடம் கற்கவில்லை.

புதிய அணை 60 மீட்டருக்குப் பதில் ஏறத்தாழ 119 மீட்டர் உயரத்தில் கான்கிரீட்டால் எழுப்பப்படுமாம். வெள்ளத்தை வெளியேற்றும் திறனும் வினாடிக்கு 7,000 கன மீட்டரிலிருந்து சுமார் 20,000 கன மீட்டராக உயருமாம். முந்தைய மதிப்பீடு எவ்வளவு பிழையானது என்பதற்கு இதைவிட வேறு ஒப்புதல் வேண்டியதில்லை. புதிய மதிப்பீட்டை மட்டும் மக்கள் கேள்வியின்றி ஏற்க வேண்டுமா?

இந்நிலையத்தில் சிக்கிம் அரசு வைத்திருந்த பெரும்பான்மைப் பங்குகள் 2024இல் கிரீன்கோ நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. ஆந்திரத்தின் பின்னாபுரத்தில் 1,680 மெகாவாட் நீரேற்று மின்திட்டத்தை அமைப்பதும் இதே நிறுவனம்தான். எனவே பின்னாபுரத்து உழவர்களுக்கும் சுங்தாங் தொலைதூரச் செய்தியன்று. மலைகளும் நீரும் மக்களுடையவை, லாபம் தனியாருடையது, வெள்ளம் வந்தால் இழப்பு மீண்டும் மக்களுடையது. இதுவே தனியார்மயத்தின் கணக்கு.

சூரிய ஒளியும் காற்றும் தரும் மின்சாரம் பெருகப் பெருக, அதைச் சேமிக்கும் நீர்த்தேக்கங்கள் தேவைதான். தமிழ்நாட்டின் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையத்தைப் பொதுத்துறையே 1980களில் அமைத்துக் காட்டியது. தேவையை மறுப்பது நம் நிலைப்பாடன்று. எங்கே, எவர் ஒப்புதலுடன், எவர் உடைமையாக என்பதே நம் கேள்வி.

தீஸ்தா-3 பரிந்துரையைத் திரும்பப் பெற்று, பாதுகாப்பு ஆய்வுகளை முழுமையாக வெளியிட்டு, பாதிக்கப்பட்ட மக்களிடம் கருத்துக்கேட்பு நடத்த வேண்டும். பனி ஏரிகள் அனைத்திலும் எச்சரிக்கை அமைப்புகளை ஒன்றிய அரசு தன் செலவில் நிறுவ வேண்டும். மின் சேமிப்புத் திட்டங்கள் பொதுத்துறையிலேயே அமைய வேண்டும். இக்கோரிக்கைகளை மக்களிடம் கொண்டுசென்று, மலைவாழ் மக்களின் போராட்டத்துக்குத் தோள் கொடுப்பது நம் கடமை.